பழைய பிஎச்பி, பெர்ல் ஸ்கிரிப்டுகளை நோட் டெவ் சர்வருக்குள்ளேயே ஓட்டுவது எப்படி

ஒரு சிறு பத்திரிகையின் இணையதளத்தைப் புதுப்பித்துத் தரச் சொன்னார்கள். ஃபோல்டரைத் திறந்தால் முகப்பும் கட்டுரைப் பக்கங்களும் பிஎச்பியில், சந்தா படிவம் பெர்லில், தேடல் மட்டும் யாரோ பின்னாளில் சேர்த்த பைத்தான் சிஜிஐ (சர்வர் ஸ்கிரிப்டைத் தனி நிரலாக ஓட்டும் பழைய முறை, விவரம் பின்னால்). எல்லாமே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. அவர்கள் கேட்டது தோற்றம் மாற வேண்டும், மொபைலில் எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்கோ சேமித்த உடனே பிரவுசரில் மாற்றம் தெரிகிற ஜாவாஸ்கிரிப்ட் டெவ் சர்வர் இல்லாமல் கை ஓடாது. நான் வைத்திருப்பது வைட், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடின் மேல் ஓடுவது. அந்த சர்வருக்கு பிஎச்பி என்றால் என்னவென்றே தெரியாது. முகப்பைத் திறந்தால் கோப்பை டவுன்லோடு செய்யச் சொல்லும், இல்லையென்றால் அதிலுள்ள நிரல் கோடை அப்படியே பக்கத்தில் கொட்டும்.

இந்த இடத்தில் பலரும் எல்லாவற்றையும் நோடில் திருப்பி எழுதிவிடலாம் என்று கிளம்பிவிடுவார்கள். வேண்டாம். பல வருடமாகச் சந்தாதாரர்களின் பெயரையும் பணத்தையும் தவறாமல் பதிந்துவரும் ஒரு ஸ்கிரிப்டுக்குள், எழுதியவருக்கே மறந்துபோன விஷயங்கள் எத்தனையோ இருக்கும்: வெளிநாட்டு முகவரி என்றால் பின்கோடு கேட்காது, அதே மின்னஞ்சல் இரண்டாம் முறை வந்தால் புதுப்பித்தல் என்று எடுத்துக்கொள்ளும், இப்படி. திருப்பி எழுதினால் அவற்றில் பாதி போய்விடும், போனது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். ஸ்கிரிப்டை இருக்கிறபடியே விட்டுவிட்டு, டெவ் சர்வருக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் சரி. ஒரு மாலைப்பொழுது வேலை, கோடு நூறு வரிகூட வராது.

ஒரு விஷயம் முன்கூட்டியே: மாறிகளின் பெயர்களை எல்லாம் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். சூழல் மாறிகள், அதாவது என்விரான்மென்ட் வேரியபிள்கள், கோடில் பெரிய ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு வரும்.

பிஎச்பி மட்டும் என்றால்

பிஎச்பி மட்டும்தான் இருக்கிறது என்றால் பெரிதாக எதுவும் கட்ட வேண்டாம். 2012-ல் வந்த பிஎச்பி 5.4 முதல் அதற்குள்ளேயே ஒரு சின்ன சர்வர் இருக்கிறது. டெர்மினலில் பிஎச்பி என்று அடித்து, பெரிய எஸ் ஆப்ஷனில் 127.0.0.1:8000 என்று முகவரி கொடுத்து, சின்ன டி (t) ஆப்ஷனில் தளத்தின் ஃபோல்டரைக் காட்டினால் ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் வைட் கான்ஃபிக் கோப்பில் சர்வர் பகுதிக்குள் ப்ராக்ஸி என்று ஒன்று உண்டு. பிஎச்பி கோப்புகளுக்கு வரும் ரெக்வெஸ்டுகளை எல்லாம் அந்த 8000 போர்ட்டுக்குத் தள்ளிவிடச் சொல்லி அங்கே ஒரு விதி எழுதுங்கள். விதியின் பெயர் தொப்பிக் குறியில் தொடங்கினால் வைட் அதை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக எடுத்துக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்க்கும் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதும் சேர்ந்தே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். டாட் பிஎச்பியோடு முடிய வேண்டும் என்று மட்டும் எழுதிவிட்டால் முகப்பு வரும், கட்டுரை எண்ணோடு வரும் பக்கம் ஒன்றுகூட வராது. முடிவு, கேள்விக்குறி, சாய்கோடு மூன்றையும் விதியில் சேர்த்துவிடுங்கள்.

முகவரியை எண்ணாகவே எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு பழைய ஐபி முகவரியும் உண்டு, ஐபிவி6 முகவரியும் உண்டு. நோட் 17 வரும்வரை நோட் பழையதைத்தான் முதலில் எடுக்கும். அதற்குப் பிறகு இயங்குதளம் எந்த வரிசையில் தருகிறதோ அதே வரிசையில் எடுக்கிறது. பிஎச்பி ஒரு முகவரியில் காத்திருக்க, நோட் இன்னொரு முகவரியில் போய்க் கதவைத் தட்டும், டெர்மினலில் கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது என்று வரும், பிரவுசரில் நேராக 8000-ஐத் திறந்தால் பக்கம் அழகாக வரும். இதில் முழு நாள் தொலைத்தவர்கள் நிறையப் பேர். இரண்டு பக்கமும் 127.0.0.1 என்று எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லை.

இன்னொன்று. ப்ராக்ஸி விதியில் இலக்கு முகவரியை வெறும் எழுத்துத் தொடராகக் கொடுத்தால், பிரவுசர் எந்த முகவரியைக் கேட்டது என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெடரையும் வைட் அந்த இலக்குக்கு ஏற்றபடி மாற்றிவிடும். பழைய பிஎச்பியோ அந்த ஹெடரை எடுத்துத்தான் முழு முகவரி தயாரிக்கும். விளைவு, லாகின் செய்ததும் வைட்டின் 5173 போர்ட்டிலிருந்து 8000-க்குத் தாவிவிடுவீர்கள், அங்கே உங்கள் புது ஸ்டைல் எதுவும் இருக்காது. இலக்கை ஆப்ஜெக்டாகக் கொடுத்து, சேஞ்ச் ஆரிஜின் என்பதை ஃபால்ஸ் என்று எழுதிவிடுங்கள்.

உள்ளிருக்கும் பிஎச்பி சர்வர் ஒரு நேரத்தில் ஒரு ரெக்வெஸ்டைத்தான் கவனிக்கும். ஒரு பக்கம் தன்னையே இன்னொரு முகவரியில் கூப்பிட்டு விவரம் வாங்குகிறது என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். 7.4 முதல் பிஎச்பி சிஎல்ஐ சர்வர் வொர்க்கர்ஸ் என்ற சூழல் மாறியில் ஓர் எண் கொடுத்தால் அத்தனை ப்ராசஸ் கிளம்பும், விண்டோஸில் மட்டும் இது கிடையாது. எச்டிஅக்சஸ் கோப்பை இந்த சர்வர் கண்டுகொள்ளவே கொள்ளாது, அது அப்பாச்சி என்ற வெப் சர்வரின் சொத்து. முகவரி மாற்று விதிகள் அதில் இருந்தால் அவற்றை ஒரு ரவுட்டர் ஸ்கிரிப்டில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் என்று தொடங்கும் பழைய ஃபங்ஷன்கள் தளத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அவை 2015 கடைசியில் வந்த பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன, இன்று நிறுவும் எந்தப் பதிப்பிலும் ஓடாது. அப்படியிருந்தால் நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் பிஎச்பி 5.6 இமேஜை எடுத்து, கன்டெய்னருக்குள் 0.0.0.0 என்ற முகவரியில் ஓட்டி, வெளியே 127.0.0.1-க்கு மட்டும் போர்ட்டைத் திறந்துவிடுங்கள். 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2018 முடிவோடு நின்றுவிட்டது, அதனால் உங்கள் கணினிக்கு வெளியே அது எட்டிப் பார்க்கவே கூடாது.

பெர்லும் பைத்தானும் சேர்ந்திருந்தால்

என் வேலையில் மூன்று மொழிகள் இருந்தன. மூன்றுக்கும் பொதுவாக இருந்தது சிஜிஐ. 1993-ல் என்சிஎஸ்ஏ சர்வரைச் சுற்றி உருவான ஏற்பாடு அது. அதன் 1.1 பதிப்பை 2004-ல் ஆர்எஃப்சி 3875 என்று எழுதி வைத்தார்கள். ஏற்பாடு இவ்வளவுதான்: ரெக்வெஸ்ட் வந்ததும் சர்வர் ஸ்கிரிப்டை ஒரு தனி ப்ராசஸாகக் கிளப்பும், ரெக்வெஸ்டின் விவரங்களைச் சூழல் மாறிகளில் வைக்கும், படிவத்தில் வந்ததை ஸ்டாண்டர்ட் இன்புட்டில் ஊற்றும், ஸ்கிரிப்ட் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதுவதை வாங்கிப் பிரவுசருக்குக் கொடுக்கும். ப்ராசஸைக் கிளப்பவும் குழாய்களை இணைக்கவும் தெரிந்த எந்த மொழியாலும் இதைச் செய்ய முடியும், நோடுக்கு இது கைவந்த கலை. பிஎச்பியை இந்த வழியில் ஓட்ட பிஎச்பி-சிஜிஐ என்ற தனி நிரல் வேண்டும். உபுண்டுவில் அது தனிப் பேக்கேஜ், விண்டோஸ் ஜிப்பில் கூடவே வரும். டெர்மினலில் சாதாரணமாக அடிக்கும் பிஎச்பியைக் கூப்பிட்டால் அது ஹெடர் எதுவும் எழுதாது, படிவத்தில் வந்ததையும் எடுத்துக்கொள்ளாது. பக்கம் வருகிறது, படிவம் மட்டும் எப்போதும் காலி என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

வைட் டெவ் சர்வரின் அடியில் கனெக்ட் என்ற மிடில்வேர் அடுக்கு இருக்கிறது. மிடில்வேர் என்பது வரும் ரெக்வெஸ்டை வழியிலேயே பிடித்துக் கவனிக்கும் ஃபங்ஷன். சின்னதாக ஒரு பிளகின் எழுதி, அதில் கான்ஃபிகர் சர்வர் என்ற ஹுக்கில் உங்கள் மிடில்வேரைச் சேர்த்தால் வைட்டின் சொந்த மிடில்வேர்களுக்கு முன்னால் போய் நிற்கும். வைட் இல்லாமல் வெறும் கனெக்ட் அல்லது எக்ஸ்பிரஸ் (நோடில் சர்வர் எழுத உதவும் லைப்ரரி) என்றாலும் இதே ஃபங்ஷன் அப்படியே ஓடும். எக்ஸ்பிரஸில் மட்டும் பாடி பார்சருக்கு முன்னால் இதை வையுங்கள். பார்சர் முதலில் படிவத்தைப் படித்துத் தீர்த்துவிட்டால் ஸ்கிரிப்டுக்கு மிச்சம் எதுவும் இருக்காது, அது இன்புட்டுக்குக் காத்துக்கொண்டே கிடக்கும்.

மிடில்வேர் முதலில் செய்ய வேண்டியது முகவரியிலிருந்து கோப்பைக் கண்டுபிடிப்பது. கனெக்டில் ஒரு பாதையில் மாட்டிய மிடில்வேருக்கு அந்தப் பாதையை வெட்டிவிட்டு மிச்ச முகவரிதான் கிடைக்கும். வெட்டாத முகவரி ஒரிஜினல் யூஆர்எல் என்ற பெயரில் இருக்கும், அதையே எடுங்கள். பழைய தளங்களில் ஸ்கிரிப்டின் பெயருக்குப் பின்னாலும் பாதை நீளும், கட்டுரை டாட் பிஎச்பி, சாய்கோடு, 2004, சாய்கோடு, 12 என்கிற மாதிரி. அதனால் முகவரியைச் சாய்கோட்டில் பிரித்து, இடமிருந்து ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போய், எந்த இடத்தில் உண்மையான கோப்பு ஒன்று அகப்படுகிறதோ அங்கே நிறுத்துங்கள். அதுவரை ஸ்கிரிப்ட் நேம், மிச்சம் பாத் இன்ஃபோ. கிடைத்த கோப்பின் முழுப் பாதை தளத்தின் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள், இரட்டைப் புள்ளி போட்டு மேலே ஏறி வருகிறவர்கள் உண்டு.

அப்புறம் ஸ்கிரிப்டைக் கிளப்ப நோடின் சைல்டு ப்ராசஸ் மாட்யூலிலிருந்து ஸ்பான். எக்ஸெக் வேண்டவே வேண்டாம், அது ஷெல் வழியாகப் போகும், முகவரியில் வந்த ஓர் அரைப்புள்ளி கட்டளையாக மாறிவிட வாய்ப்பு உண்டு. நிரலின் பெயராக மொழியையே கொடுத்துவிடுங்கள்: கோப்பின் நீட்டிப்பு பிஎல் என்றால் பெர்ல், பிஒய் என்றால் பைத்தான், பிஎச்பி என்றால் பிஎச்பி-சிஜிஐ. ஸ்கிரிப்டின் முதல் வரியில் உள்ள பாதையை நம்பி நேராக அதையே ஓட்டினால் விண்டோஸில் நடக்காது, லினக்ஸிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய கோப்பு விண்டோஸில் சேமிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் இருக்கும், முதல் வரியிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். கர்னல் அதையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு, பெர்ல் என்பதற்குப் பதில் பெர்லும் ஒரு கேரேஜ் ரிட்டர்னும் சேர்ந்த பெயரில் ஒரு நிரலைத் தேடும். கோப்பு இல்லை என்று பிழை வரும், கோப்போ கண் முன்னால் இருக்கும். கேட் கட்டளையில் பெரிய ஏ ஆப்ஷன் போட்டு முதல் வரியைப் பார்த்தால் கடைசியில் தொப்பியும் எம்மும் நிற்பது தெரியும். ஒர்க்கிங் டைரக்டரியாகக் கொடுத்த ஃபோல்டர் இல்லாவிட்டாலும் நோட் இதே பிழையைத்தான் தரும், அதையும் மனதில் வையுங்கள். அந்த ஒர்க்கிங் டைரக்டரி ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டராகவே இருக்கட்டும், பழைய ஸ்கிரிப்டுகள் பக்கத்துக் கோப்பை வெறும் பெயர் சொல்லித்தான் திறக்கும்.

சூழல் மாறிகளில் கை நடுங்காமல் எழுதலாம்: ரெக்வெஸ்ட் மெத்தட், க்வெரி ஸ்ட்ரிங், கன்டென்ட் டைப், கன்டென்ட் லெங்த், ஸ்கிரிப்ட் நேம், பாத் இன்ஃபோ, சர்வர் நேம், சர்வர் போர்ட், சர்வர் ப்ரோட்டோகால், ரிமோட் அட்ரஸ் (கோடில் அட்ரஸ் என்பது ஏடிடிஆர் என்று சுருக்கமாக வரும்), கேட்வே இன்டர்ஃபேஸ். கடைசியின் மதிப்பு சிஜிஐ சாய்கோடு 1.1. வந்த ஹெடர்கள் ஒவ்வொன்றும் முன்னால் எச்டிடிபி என்று சேர்த்து, நடுக்கோடு அடிக்கோடாக மாறி உள்ளே போகும். ஒரே ஒரு ஹெடரை மட்டும் விட்டுவிடுங்கள், ப்ராக்ஸி. அது உள்ளே போனால் எச்டிடிபி ப்ராக்ஸி என்ற பெயர் வந்துவிடும், வெளியே போகும் இணைப்புகளைத் திருப்பிவிட பல நிரல்கள் பார்ப்பதும் அதே பெயரைத்தான். 2016-ல் எச்டிடிபாக்ஸி என்ற பெயரில் பேசப்பட்ட ஓட்டை இதுதான்.

பிஎச்பி-சிஜிஐக்கு இன்னும் இரண்டு வேண்டும். ஸ்கிரிப்ட் ஃபைல்நேம் என்பதில் கோப்பின் முழுப் பாதை இல்லையென்றால் இன்புட் கோப்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளும். ரீடைரக்ட் ஸ்டேட்டஸ் என்பதில் 200 இல்லையென்றால், நேரடியாக என்னை அணுகக் கூடாது என்று பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். ஸ்பானுக்கு நீங்களே சூழல் மாறிகளைக் கொடுத்தால் கணினியின் சூழல் மாறிகள் எதுவும் தானாகப் போகாது என்பதால் பாத் மாறியையும், விண்டோஸ் என்றால் சிஸ்டம் ரூட்டையும் மறக்காமல் சேருங்கள்.

ரிமோட் அட்ரஸில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். நோட் சில நேரம் 127.0.0.1 என்பதற்கு முன்னால் இரண்டு முக்காற்புள்ளி, நான்கு எஃப், இன்னொரு முக்காற்புள்ளி சேர்த்து ஐபிவி6 வடிவில் தரும். அந்தச் சந்தா ஸ்கிரிப்ட் முகவரியை 15 எழுத்துக்குள் வெட்டி ஒரு கோப்பில் எழுதி, ஒரே முகவரியிலிருந்து பத்து நிமிடத்துக்குள் இரண்டு படிவம் வந்தால் மறுத்துவிடும். வெட்டிய வடிவமும் புதிதாக வரும் வடிவமும் பொருந்தாமல் அந்தக் காவல் வேலையே செய்யவில்லை, நானோ ஸ்கிரிப்டில் பிழை என்று நினைத்து அரை நாள் தேடிக்கொண்டிருந்தேன். முன்னால் இருக்கும் அந்த ஏழு எழுத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

படிவத்தை அனுப்ப ரெக்வெஸ்டை ஸ்கிரிப்டின் ஸ்டாண்டர்ட் இன்புட்டோடு பைப் செய்தால் போதும். சில ஸ்கிரிப்டுகள் இன்புட்டைப் படிக்காமலேயே முடிந்துவிடும், அப்போது குழாய் உடைந்தது என்று பிழை வந்து டெவ் சர்வரே விழுந்துவிடும், அதனால் இன்புட்டுக்கு ஒரு எரர் ஹேண்ட்லர் மாட்டுங்கள். பிரவுசர் பக்கத்தை மூடிவிட்டால் ப்ராசஸைக் கொன்றுவிடவும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஸ்டாண்டர்ட் எரரில் வருவதை ஸ்கிரிப்டின் பெயரோடு டெர்மினலில் அச்சிடுங்கள். பெர்ல் தன் குறைகளை எல்லாம் அங்கேதான் சொல்லும், அதைப் பார்க்காமல் வேலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி.

ஸ்கிரிப்ட் எழுதுவதை வாங்குவது

ஸ்கிரிப்டையும் டெவ் சர்வரையும் இணைக்கும் பாலம்தான் நம் மிடில்வேர், அதில் கவனமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். ஸ்கிரிப்ட் முதலில் ஹெடர்களை எழுதும், ஒரு வெற்று வரி விடும், அதன் பிறகு பக்கம். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் குழாயில் அது எப்படித் துண்டு துண்டாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தா ஸ்கிரிப்டின் முதல் வரிகளில், டாலர் குறியும் செங்குத்துக் கோடும் சமம் 1 என்று இருந்தது. பெர்லில் அதற்கு அர்த்தம், எழுதியதைத் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் வெளியே தள்ளு என்பது. கன்டென்ட் டைப் வரியும் வெற்று வரியும் சேர்ந்து மொத்தம் 25 பைட். அவ்வளவும் ஒரே துண்டாக வருகிற நாளும் உண்டு, அதற்கு முன்னால் ஒரு குக்கி ஹெடர் தனித் துண்டாக வந்து, வெற்று வரி அடுத்த துண்டில் வருகிற நாளும் உண்டு. முதல் துண்டிலேயே எல்லாம் இருக்கும் என்று நம்பி எழுதிய என் முதல் கோடு பத்து முறையில் எட்டு முறை ஓடியது. எப்போதாவது தவறுகிற கோடு என்றால் பிழையைப் பிடிப்பதும் கஷ்டம்.

ஆகவே வெற்று வரி கிடைக்கும்வரை துண்டுகளைப் பஃபராகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வெற்று வரி இரண்டு விதமாக வரலாம்: இரண்டு நியூலைன் அடுத்தடுத்து, அல்லது கேரேஜ் ரிட்டர்னும் நியூலைனும் சேர்ந்த இணை இரண்டு முறை. இரண்டையும் தேடி எது முன்னால் வருகிறதோ அதை எடுங்கள். ஒன்றை மட்டும் முதலில் தேடினால் பக்கத்தின் நடுவில் இருக்கும் ஏதோ ஒரு வெற்று வரியை ஹெடரின் முடிவு என்று நினைத்துவிடும்.

பஃபரை எழுத்தாக மாற்றுவது ஹெடர் பகுதிக்கு மட்டும் போதும். பக்கத்தை ஒருபோதும் எழுத்தாக மாற்றாதீர்கள், பைட்டாகவே கடத்துங்கள். யூடிஎஃப்-8-ல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். த என்பது 3, மி என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்து 6. குழாயிலிருந்து வரும் துண்டு எங்கே வேண்டுமானாலும் வெட்டுப்படும், 65536 பைட்டில் வெட்டினால் அந்த எண் மூன்றால் வகுபடக்கூட செய்யாது. வெட்டுப்பட்ட இடத்தில் ஓர் எழுத்தின் ஒரு பைட் இங்கேயும் இரண்டு பைட் அங்கேயும் போய், தனித்தனியாக எழுத்தாக்கும்போது கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். நீளமான கட்டுரையில் மட்டும், எங்கோ நடுவில், ஒரே ஓர் எழுத்து. ஆங்கிலத் தளத்தில் இது கண்ணில் படவே படாது, தமிழில் படும். ஸ்கிரிப்ட் படம் ஏதாவது உருவாக்கித் தருகிறது என்றால் அந்தப் படம் திறக்கவே திறக்காது.

இதே காரணத்துக்காக எக்ஸ்பிரஸின் செட், சென்ட் ஃபங்ஷன்களையும் தவிர்த்துவிட்டு நோடின் சொந்த செட்ஹெடரைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்பிரஸ் தன் விருப்பத்துக்கு யூடிஎஃப்-8 என்று கன்டென்ட் டைப்போடு ஒட்டிவிடும். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி எழுத்துருவில் இருக்கும் பழைய தமிழ்ப் பக்கம் என்றால் அந்த ஒட்டு முழுப் பக்கத்தையும் குப்பையாக்கிவிடும்.

ஹெடர்களில் ஸ்டேட்டஸ் என்று ஒன்று வந்தால் அது பிரவுசருக்குப் போகக் கூடாது, அதிலிருக்கும் எண்ணை எடுத்து ரெஸ்பான்ஸின் ஸ்டேட்டஸ் கோடாக வையுங்கள். ஸ்டேட்டஸ் இல்லாமல் லொக்கேஷன் மட்டும் இருந்தால் 302. செட் குக்கி பல முறை வரலாம், ஒரு பட்டியலில் சேர்த்து மொத்தமாகக் கொடுங்கள். ஒவ்வொன்றாக செட்ஹெடரில் போட்டால் கடைசி குக்கி மட்டும் மிஞ்சும், லாகின் ஆகும், அடுத்த பக்கத்தில் வெளியே தள்ளிவிடும். வெற்று வரியே வராமல் ப்ராசஸ் முடிந்துவிட்டால் 500 கொடுத்து, அதுவரை வந்ததையும் ஸ்டாண்டர்ட் எரரில் வந்ததையும் பக்கத்தில் காட்டிவிடுங்கள், உங்கள் கணினிதானே. என்பிஎச் என்று பெயர் தொடங்கும் ஸ்கிரிப்டுகள் சில தளங்களில் இருக்கும், அவை ஸ்டேட்டஸ் வரி உட்பட முழு ரெஸ்பான்ஸையும் தாமே எழுதும். எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லை, இருந்தால் முதல் வரியை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்கிரிப்டுகளின் வயதால் வரும் தொல்லை

பாலம் சரியாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் ஓடாமல் போகலாம், ஏனென்றால் மொழிகள் முன்னே போய்விட்டன. பெர்லில் சிஜிஐ மாட்யூல் 2015-ல் வந்த 5.22 முதல் கூடவே வருவதில்லை, பெர்ல் மாட்யூல்களின் களஞ்சியமான சிபேனிலிருந்து தனியாக நிறுவ வேண்டும். 2017-ல் வந்த 5.26 முதல், நடப்பு ஃபோல்டரில் லைப்ரரி கோப்பைத் தேடும் பழக்கத்தைப் பெர்ல் விட்டுவிட்டது. ஸ்கிரிப்டும் லைப்ரரியும் ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் கிடைக்கவில்லை என்று சொல்லும். பெர்ல் யூஸ் அன்சேஃப் இன்க் என்ற சூழல் மாறியில் 1 கொடுத்தால் பழைய பழக்கம் திரும்பும். பெயரிலேயே ஆபத்து என்று எழுதியிருக்கிறது, டெவ் சர்வரில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் சிஜிஐ மாட்யூல் 3.13-ல் நீக்கப்பட்டுவிட்டது. 3.12-லேயே நிற்கலாம், அல்லது லெகசி-சிஜிஐ என்ற பேக்கேஜை பிப் வழியாகப் போட்டுக்கொள்ளலாம்.

பிஎச்பியில் பக்கத்தின் நடுவே கோடே தெரிகிறது என்றால் சுருக்கமான தொடக்கக் குறி போட்டு எழுதிய தளம் அது. சின்ன டி (d) ஆப்ஷனில் ஷார்ட் ஓப்பன் டேக் சமம் 1 என்று பிஎச்பி-சிஜிஐக்குக் கொடுங்கள். ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்று புலம்பினால், நேரடி சர்வரில் அவுட்புட் பஃபரிங் போட்டிருப்பார்கள், உங்களிடம் இல்லை. அதற்கும் இதே டி ஆப்ஷனில் அவுட்புட் பஃபரிங் சமம் 4096 என்று கொடுத்தால் அடங்கிவிடும். பல நேரம் இதற்குக் காரணமாக ஏதோ ஒரு கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 பிஓஎம் என்ற 3 பைட் ஒளிந்திருக்கும், யாரோ நோட்பேடில் திறந்து சேமித்திருப்பார்கள்.

ஐஎன்சி என்று முடியும் கோப்புகளை மறக்காமல் பாருங்கள். பழைய பிஎச்பி தளங்களில் டேட்டாபேஸ் கடவுச்சொல் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். உங்கள் மிடில்வேர் அதை ஸ்கிரிப்ட் என்று எடுத்துக்கொள்ளாது, அடுத்து நிற்கும் ஸ்டேட்டிக் மிடில்வேர் அதைச் சாதாரணக் கோப்பு மாதிரி எடுத்துக் கொடுத்துவிடும். மொபைலில் பார்க்க வேண்டும் என்று டெவ் சர்வரை வைஃபைக்குத் திறந்துவிடுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். ஐஎன்சி, பிஎல், பிஎச்பி நீட்டிப்புகளோடு பாலத்தைத் தாண்டி எந்த ரெக்வெஸ்டும் போகாதபடி 404 கொடுத்து அங்கேயே நிறுத்துங்கள்.

சேமித்ததும் பக்கம் மாற

கடைசியாக, இவ்வளவும் எதற்காகச் செய்தோமோ அது. வைட் தன் எச்டிஎம்எல் கோப்புகளுக்கு மட்டும்தான் தானாக ரீலோட் ஸ்கிரிப்டைச் சேர்க்கும். நம் பக்கங்கள் குழாய் வழியாக வருவதால் நாம்தான் சேர்க்க வேண்டும். கன்டென்ட் டைப் டெக்ஸ்ட் எச்டிஎம்எல் என்று இருந்தால், ஹெட் பகுதியில் வைட் கிளையன்டைக் கூப்பிடும் ஒரு ஸ்கிரிப்ட் டேக்கைப் பைட்டாகவே செருகுங்கள், கன்டென்ட் லெங்த் ஹெடர் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்தின் வால் வெட்டுப்படும். தளத்தின் ஃபோல்டரை வைட்டின் வாட்ச்சரில் சேர்த்து, பிஎச்பியோ பிஎல்லோ மாறினால் ஃபுல் ரீலோட் செய்தியை வெப்சாக்கெட்டில் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கிரிப்டே எழுதும் பதிவுக் கோப்புகள் உள்ள ஃபோல்டரை வாட்ச்சரிலிருந்து விலக்க வேண்டும். விலக்காவிட்டால் பக்கம் திறக்கும், கோப்பு மாறும், பக்கம் ரீலோட் ஆகும், கோப்பு மறுபடி மாறும், இது நிற்கவே நிற்காது.

போஸ்ட் ரெக்வெஸ்டுக்கு வரும் பதிலில் அந்த டேக்கைச் செருகாதீர்கள். சந்தா படிவத்தை அனுப்பிவிட்டு நன்றிப் பக்கத்தில் இருக்கும்போது ஒரு கோப்பைச் சேமித்தால், பக்கம் தானாக ரீலோட் ஆகப் பார்க்கும், படிவத்தை மறுபடி அனுப்பட்டுமா என்று பிரவுசர் கேட்கும். கவனிக்காமல் சரி என்று அழுத்தினால் அதே சந்தாதாரர் இரண்டு முறை பதிவாவார்.

எல்லாம் முடிந்ததும் நான் சோதிப்பது இப்படி. படிவத்தில் பெயர் என்ற இடத்தில் கொம்பும் காலும் ஒற்றும் கலந்த நீளமான தமிழ்ப் பெயர் ஒன்றைக் கொடுத்து அனுப்புவேன், பிறகு ஸ்கிரிப்ட் எழுதிய கோப்பைத் திறந்து அந்தப் பெயர் எழுத்துப் பிசகாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து தளத்திலேயே நீளமான கட்டுரையைத் திறந்து கடைசிப் பத்திவரை உருட்டிப் பார்ப்பேன். லாகின் செய்து மூன்று பக்கம் தாண்டி, முகவரிப் பட்டையில் இன்னும் 5173 தான் நிற்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் ஸ்டைல் கோப்பைத் திறந்து எழுத்தின் அளவை 16-லிருந்து 19 ஆக்கிச் சேமிப்பேன். 2000-களில் எழுதிய அந்த பெர்ல் படிவத்தின் எழுத்து கண் முன்னால் பெரிதாகும்.